லேப்டாப்புக்கு மட்டும் ஏன் வைஃபை அறுகிறது?

ஒரே மேசை, ஒரே ரவுட்டர். செல்போனில் படம் தடங்கலின்றி ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே இருக்கும் லேப்டாப்பில் மட்டும் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுபோகிறது; ஆசிரியரின் முகம் வாய் திறந்தபடி உறைந்துவிடுகிறது. அரை நிமிடத்தில் தானாகவே சரியாகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே தொல்லை. இத்தனைக்கும் திரையின் மூலையில் வைஃபை கோடுகள் குறையவே இல்லை. சிக்னல் இருக்கிறது, நெட் இல்லை.

இதற்கு எல்லா வீட்டிலும் ஒரு கைவைத்தியம் உண்டு: ரவுட்டரை அணைத்துப் போடுவது. சில நேரம் பலிக்கும், ஏன் பலித்தது என்று தெரியாது. பலிக்காவிட்டால் இணைய நிறுவனத்துக்கு போன், பிறகு புது ரவுட்டர், அதன் பிறகு புது லேப்டாப் என்று செலவு ஏறும். அந்தச் செலவுகளுக்கு முன்னால் செய்ய வேண்டிய விசாரணை ஒன்று இருக்கிறது. பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது, எந்த நேரத்தில் நிற்கிறது, யாருக்குக் காது கேட்காமல் போகிறது என்ற மூன்றையும் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் பணம் செலவழிக்க வேண்டியிருக்காது.

அறுவதற்கு அங்கே கம்பி இல்லை

ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையே தொடர்ச்சியாக நீளும் பொருள் எதுவும் கிடையாது. படமோ பாட்டோ மின்னஞ்சலோ, எல்லாமே சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு ரேடியோ அலையில் அனுப்பப்படுகின்றன. இத்துண்டுகளைப் பொதிகள் என்போம். ஒரு பொதியோ, சேர்த்து அனுப்பிய சில பொதிகளோ பிழையில்லாமல் வந்து சேர்ந்தால், பெற்ற கருவி உடனே "வந்தது" என்று பதில் அனுப்ப வேண்டும். அது ஒப்புகை. ஒப்புகை வராவிட்டால் அனுப்பிய கருவி அதே பொதியை மறுபடி அனுப்பும். அப்படியும் வராவிட்டால், வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிதானமாக மீண்டும் அனுப்பிப் பார்க்கும்.

இந்த முறைக்கு மூதாதை ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் தலைமையிலான குழு 1971-இல் தீவுகளுக்கு இடையே கணினிகளை ரேடியோவால் இணைத்தது. எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிச் சேதி குழம்பிப்போனால் ஒப்புகை வராது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய அளவு காத்திருந்து மறுபடி பேச வேண்டியதுதான். வைஃபை இதனோடு ஒரு மரியாதையைச் சேர்த்துக்கொண்டது: பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இவை தவிர, ரவுட்டர் நொடிக்குச் சுமார் 10 முறை தன் பெயரைச் சொல்லி, தான் இருப்பதை எல்லாருக்கும் பொதுவாக அறிவித்துக்கொண்டே இருக்கும். இதைக் கலங்கரைத் துடிப்பு என்று அழைக்கலாம். வரிசையாகப் பல துடிப்புகள் காதில் விழாமல் போனாலோ, அனுப்பிய பொதிகளுக்கு ஒப்புகையே வராமல் இருந்தாலோ, ரவுட்டர் இல்லை என்று லேப்டாப் முடிவு கட்டுகிறது. நாம் துண்டிப்பு என்று சொல்வது அந்த முடிவைத்தான். அதற்கு முன்பே பேச்சு பல நொடிகளாக நொண்டிக்கொண்டிருந்திருக்கும். அதனால்தான் வீடியோ உறைந்து சற்று நேரம் கழித்தே 'இணைப்பு இல்லை' என்ற குறி வருகிறது.

கோடுகள் காட்டாத ஒன்று

வீட்டு ரவுட்டர் வெளிவிடும் ரேடியோ ஆற்றல் பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. சுவர்களைத் தாண்டி உள்ளறை லேப்டாப்பின் ஆன்டெனாவை அது அடையும்போது, அதில் நூறு கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். இவ்வளவு சன்னமான அலையை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படத்தை ஓட்டிக்காட்டுகிறது என்பது உண்மையிலேயே வியக்கத்தக்க விஷயம்.

இத்தகைய சிறு அளவுகளை டெசிபெல் என்னும் படிக்கணக்கில் எழுதுவார்கள். 10 டெசிபெல் இறங்கினால் ஆற்றல் பத்தில் ஒன்றாகும், 20 இறங்கினால் நூறில் ஒன்றாகும். ரவுட்டரின் பக்கத்தில் நின்றால் சிக்னல் மைனஸ் 40 அளவில் இருக்கும். மேலே சொன்ன உள்ளறையில் அது மைனஸ் 70. மைனஸ் 80-ஐத் தாண்டினால் தடுமாற்றம்தான். திரையில் தெரியும் கோடுகள் இந்த எண்ணின் சுருக்கம்.

ஆனால் காது கேட்பதற்குக் குரல் உரத்து இருந்தால் மட்டும் போதாது. கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று கெட்டிமேளம் முழங்குகிறது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை, ஆனாலும் ஒரு சொல்கூட விளங்கவில்லை. வைஃபை கோடுகள் அவருடைய குரலைத்தான் அளக்கின்றன. மேளத்தை அளப்பதில்லை.

ரேடியோ உலகில் அந்த மேளத்துக்கு இரைச்சல் என்று பெயர். யாருமே பேசாதபோதும் மெல்லிய இரைச்சல் இருக்கும். வைஃபை கருவிக்கு அது ஏறக்குறைய மைனஸ் 95. சிக்னல் மைனஸ் 70 என்றால் இரண்டுக்கும் நடுவே 25 டெசிபெல் இடைவெளி. இணைப்பின் நலம் முழுவதும் இந்த இடைவெளியைப் பொறுத்தது. அதிவேகமாகப் பேச ஏறத்தாழ 25 வேண்டும். மிக மெதுவாகப் பேச நாலைந்து போதும்.

கலங்கரைத் துடிப்பு எப்போதுமே மெதுவான வேகத்தில்தான் அனுப்பப்படுகிறது, தூரத்தில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. அதனால் இரைச்சல் ஏறி, வேகமான பொதிகள் வழியிலேயே சிதைந்துகொண்டிருக்கும் வேளையிலும் துடிப்புகள் காதில் விழும், கோடுகளும் அப்படியே நிற்கும். சிக்னல் இருக்கிறது நெட் இல்லை என்ற புதிருக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

யாருக்கும் சொந்தமில்லாத அலைவரிசை

1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் நடந்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அவற்றுள் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது இங்கேதான். செய்தித் தொடர்புக்கு உதவாத, இரைச்சல் மிகுந்த பகுதி என்று கருதப்பட்ட இதை, 1985-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் உரிமம் இல்லாத ரேடியோ கருவிகளுக்குத் திறந்துவிட்டது. முதல் வைஃபை தரநிலை 1997-இல் வந்தது. இந்தியாவில் 2005 தொடக்கத்தில் இந்தப் பகுதிக்கு உரிமம் வேண்டாம் என்று அரசு அறிவித்தது.

உரிமம் வேண்டாம் என்பதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பாதுகாப்பும் கிடையாது. பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத் ஸ்பீக்கர், வயர் இல்லாத மவுஸ், அடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடிக்கின்றன. இந்த அலைவரிசையில் நமக்குக் கிடைப்பவை 13 சேனல்கள். ஒன்றோடொன்று உரசாமல் இருக்க வேண்டுமானால் 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் சேர்த்துப் பயன்படுத்த முடியும்.

ஒரு வீட்டில் ஒரு விசாரணை

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வீட்டுக்காரர் கல்யாணப் படங்களைத் திருத்தி ஆல்பம் வடிவமைப்பவர். ரவுட்டர் ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கிறது. அவர் வேலை செய்வது உள்ளறையில், நடுவே இரண்டு சுவர்கள். பகலில் லேப்டாப்புக்கு ஒரு குறையும் இல்லை. மாலை ஆனால் இணைப்பு போய்ப் போய் வருகிறது.

அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அறுவது வீட்டுக்குள்ளா, வெளியிலா? லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒரு கண்ணி, ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனம் வழியாக வெளியுலகம் வரை இன்னொரு கண்ணி. இரண்டையும் பிரித்துப் பார்க்க 'பிங்' என்ற எளிய கட்டளை போதும். அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் முஸ் 1983 டிசம்பரில் எழுதிய நிரல் அது. ஒரு முகவரிக்குச் சிறு சேதி அனுப்பி, பதில் வர எத்தனை நேரம் ஆனது என்று சொல்லும்.

அவர் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறக்கிறார். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு பிங். பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. மற்றதில் வெளியுலகில் இருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங். இரண்டையும் ஓடவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். இணைப்பு போகும்போது இரண்டாவது சாளரத்தில் மட்டும் பதில் நின்றால் குற்றம் வெளியே. இணைய நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். இந்த வீட்டில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதில் நிற்கிறது. ரவுட்டரையே எட்ட முடியவில்லை. புகார் எண்ணைச் சுழற்றி அரை மணி நேரம் காத்திருக்கும் வேலை இத்தோடு மிச்சம்.

இரண்டாவது கேள்வி: லேப்டாப்புக்கு மட்டுமா, அந்த அறையில் எல்லாருக்குமா? செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே ஒரு கண்ணி வெடி இருக்கிறது. இன்றைய ரவுட்டர்கள் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்திருந்தால், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். செல்போன் சேவையின் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செல்போன் ஓர் அலைவரிசையிலும் லேப்டாப் மற்றதிலும் இருந்தால் ஒப்பீடே செல்லாது. அவர் இரண்டையும் 2.4-இல் இணைத்துவிட்டுப் பார்க்கிறார். லேப்டாப் அறுகிறது, செல்போன் அசையவில்லை.

இந்த ஒரு சோதனை எத்தனை சந்தேகங்களைக் கழித்துவிடுகிறது பாருங்கள். ரவுட்டர் பழுது என்றால் செல்போனும் தவித்திருக்கும். மாலையில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசல் என்றால் செல்போனும் தப்பியிருக்காது. சமையலறை அடுப்பு என்றாலும் அப்படித்தான். சாதாரண மைக்ரோவேவ் அடுப்பு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம்தான் அலை உமிழும். நடுவில் கிடைக்கும் அமைதியில் வைஃபை புகுந்து புறப்பட்டுவிடும் என்பது வேறு விஷயம்.

இன்னொரு சந்தேகம் மீதமிருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் சுவரிலும் இரும்பு பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சிக்னலைக் குழியாக்கிவிடும். இந்த எதிரொலிச் சிக்கலைச் சமாளிக்கும் நுட்பத்தைத் தொண்ணூறுகளில் உருவாக்கியது ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓசல்லிவன் இருந்த குழு. அவர் முன்னர் வானொலி வானியலில், வெடிக்கும் சிறு கருந்துளைகளின் சமிக்ஞையைத் தேடியவர். விண்ணைக் கேட்கப் பழகிய காது வீட்டு அறைக்கும் உதவியது. நுட்பம் இருந்தும் குழிகள் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அதனால் கோவை வீட்டுக்காரர் லேப்டாப்பை நாலு விரற்கடை நகர்த்தி, திருப்பி, மேசையின் மறுமுனையில் வைத்துப் பார்க்கிறார். எங்கே வைத்தாலும் அறுகிறது. குழி இல்லை.

ஆகவே அந்த மேளம் லேப்டாப்புக்கு மட்டுமே கேட்கும் அளவு நெருக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: மாலையில் மட்டும் என்ன நடக்கிறது? இணைப்பு போன நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் அவர் ஒரு தாளில் குறித்து வைக்கிறார். என் கருத்தில், நூறு மென்பொருள் கருவிகளைவிட இந்தத் தாள் பெரிது. சில நாளில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மாலையில்தான் அவர் கேமரா கார்டுகளிலிருந்து படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுகிறார். தாளில் இன்னொரு குறிப்பும் ஏறியிருக்கிறது: அதே நேரத்தில் வயர் இல்லாத மவுஸும் விட்டுவிட்டு நகர்கிறது. மவுஸ் பேசுவதும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான்.

இப்போது அவர் விருப்பம்போல் நோயை வரவழைத்துப் பார்க்கிறார். டிஸ்கைக் கழற்றுகிறார், பிங் பதில்கள் ஒன்றுவிடாமல் வருகின்றன. செருகிக் கோப்புகளை நகலெடுக்கிறார். பதில்கள் இழுக்கின்றன, நடுநடுவே காணாமல் போகின்றன. மறுபடி கழற்றுகிறார், சரியாகிறது. மறுபடி செருகுகிறார், கெடுகிறது. காரணம் பிடிபட்டது என்று சொல்ல இந்த முன்னும்பின்னுமான சோதனை கட்டாயம் வேண்டும். எதையோ மாற்றினேன், அன்றைக்குச் சரியாகிவிட்டது என்பது போதாது. வைஃபை தானாகவே சரியாகும் சுபாவம் கொண்டது.

டிஸ்க் எப்படி ரேடியோ ஆனது?

ஹார்ட் டிஸ்கில் ஆன்டெனா கிடையாது. ஆனால் அதன் யூஎஸ்பி 3 கேபிளில் நொடிக்கு 500 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு பிட்டுக்கும் மின்னழுத்தம் மேலோ கீழோ தாவும். இத்தனை விரைவாகத் தாவும் மின்சாரம் எங்கே ஓடினாலும் கொஞ்சம் ரேடியோ அலையைச் சிந்தும். பிட்டுகள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்தால் சிந்தும் ஆற்றல் சில அலைவரிசைகளில் கூர்மையாகக் குவிந்துவிடும். அதைத் தவிர்க்க வடிவமைப்பாளர்கள் பிட்டுகளை வேண்டுமென்றே கலைத்து அனுப்புகிறார்கள். கூர்மை மறைந்துவிடுகிறது, ஆற்றல் மெல்லிய போர்வையாக அகலப் பரவுகிறது. அந்தப் போர்வையின் கீழ் 2.4 கிகாஹெர்ட்ஸும் அடங்கிவிடுகிறது.

இந்த விளைவை இன்டெல் நிறுவனம் அளந்து 2012-இல் வெளியிட்டது. யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கை இணைத்தபோது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, உயர்ந்தது. கசிவு கேபிளிலிருந்தும், இணைப்பானிலிருந்தும், டிஸ்கின் உடலிலிருந்தும் வருகிறது. சுற்றியுள்ள உலோக உறை சரியாக மூடாத இடமெல்லாம் அதற்கு வாசல்.

கோவை வீட்டுக்குத் திரும்பிக் கணக்குப் போடுவோம். சிக்னல் மைனஸ் 70, இரைச்சல் மைனஸ் 95, இடைவெளி 25. டிஸ்கைச் செருகியதும் இரைச்சல் மைனஸ் 75-க்கு ஏறுகிறது. சிக்னல் மாறவில்லை, கோடுகளும் மாறவில்லை. இடைவெளி மட்டும் 5 ஆகிவிட்டது. லேப்டாப் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசிப் படியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாராவது கதவைச் சாத்தினாலோ நடுவில் வந்து நின்றாலோ சிக்னல் இன்னும் சில டெசிபெல் இறங்கும். துடிப்புகளும் கேட்காமல் போகும். துண்டிப்பு.

செல்போன் மட்டும் தப்பியது ஏன் என்பதும் இதில் விளங்கிவிடும். கசியும் அலை மிகச் சிறிது. அரை மீட்டர் தள்ளியிருக்கும் செல்போனுக்குள் போய்ச் சேருவது அற்பம். லேப்டாப்பின் ஆன்டெனாவோ பெரும்பாலும் திரையின் ஓரத்தில், சில மாடல்களில் அடிப்பாகத்தில், டிஸ்க் செருகும் துளைக்குச் சில அங்குலங்களில் இருக்கிறது. ரவுட்டருக்கு லேப்டாப்பின் குரல் நன்றாகவே கேட்கிறது. லேப்டாப்புக்குத்தான் ரவுட்டர் சொல்வது கேட்கவில்லை.

குறைந்த கோடு, நிறைந்த இணைப்பு

தீர்வு எளிது. வீட்டுக்காரர் உறை நன்றாக அமைந்த ஒரு மீட்டர் கேபிளை வாங்கி, டிஸ்கைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசையின் கீழே வைத்தார். லேப்டாப்பின் மறுபக்கத் துளையைப் பயன்படுத்தினார். அறுபடுவது பெரிதும் குறைந்தது.

பிறகு லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினார். உயர்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டும்போது அதிகம் தேய்வதால், உள்ளறையில் அது மைனஸ் 78-தான். ஒரு கோடு குறைந்தே தெரிகிறது. ஆனால் யூஎஸ்பி கேபிள் கசியும் இரைச்சல் அந்த உயரத்தில் மிகவும் தணிந்துவிடுகிறது. பின்னணி மைனஸ் 95-ஐ ஒட்டியே நிற்கிறது. இடைவெளி 17. உச்ச வேகம் கிடைக்காது, ஆனால் டிஸ்க் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இணைப்பு அசையாது. நிறையக் கோடுகள் இருந்தால் நல்ல இணைப்பு என்று நம்பிப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும்.

வேறு வீடுகளில்

உங்கள் வீட்டில் டிஸ்கே இல்லாமல் இருக்கலாம். கேள்விகள் அவையேதான், பதில்கள்தான் வேறு திசையில் கொண்டுபோகும்.

லேப்டாப் சும்மா இருக்கும்போதோ, மூடித் திறந்த பிறகோ, பேட்டரியில் ஓடும்போதோ மட்டும் அறுகிறது என்றால் மின்சிக்கன ஏற்பாட்டைச் சந்தேகிக்கலாம். வைஃபை கருவி துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே கண்ணயர்ந்து, குறித்த நேரத்தில் விழித்துக் கேட்கும். சில கருவிகளும் சில ரவுட்டர்களும் இந்த விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை கருவியின் மின்சாரப் பக்கத்தில், சிக்கனத்துக்காக அதை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். டிரைவர் மென்பொருளைப் புதுப்பிப்பதும் இந்த இடத்தில்தான் பயன் தரும்.

இணைப்பு இருப்பதாகக் காட்டியும் எதுவுமே திறக்கவில்லை, லேப்டாப்பின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால், ரவுட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போடும் கைவைத்தியம் பலிக்கும் இடங்களில் இது ஒன்று.

5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் விழுந்து, பிறகு ஒன்றாகத் திரும்பினால் ரேடார் விதியை நினைத்துப் பார்க்கலாம். அந்த அலைவரிசையின் நடுப்பகுதிச் சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடாரின் சாயல் தெரிந்தால் ரவுட்டர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அந்தப் பகுதியிலேயே வேறு சேனலுக்குப் போவதென்றால் பேசத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரவுட்டர் அமைப்பில் 36 முதல் 48 வரையிலான சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

திரையைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்ப சிக்னல் ஏறி இறங்கினால் அது லேப்டாப்பின் உடல்நோய். திரையின் ஓரத்து ஆன்டெனாவிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் கீலின் வழியாக இறங்கி, அடியில் உள்ள வைஃபை அட்டையில் பொத்தான்போல் அழுந்தி நிற்கும். விழுந்த லேப்டாப்பிலும், பேட்டரி மாற்றத் திறந்து மூடிய லேப்டாப்பிலும் இவற்றுள் ஒன்று கழன்றிருக்க வாய்ப்புண்டு. கீழ்மூடியைத் திறந்து அழுத்திப் பொருத்துவது சர்வீஸ் கடையில் சில நிமிட வேலை. வயரே கீலில் நசுங்கி அறுந்திருந்தால் ஆன்டெனாவை மாற்ற வேண்டும். அதுவரை லேப்டாப்பில் செருகக்கூடிய சிறிய யூஎஸ்பி வைஃபை கருவி ஒன்று வேலையை ஓட்டிக்கொடுக்கும்.